உழைப்பவனுக்கு உடற்பயிற்சி எதற்கு?

“நாள் முழுதும் ஓடியாடி வேலை செய்கிறவனுக்கு உழைப்பே உடற்பயிற்சி. ஆலைக்குள்ளே அவனுக்கென்று தனியாக ஒரு பயிற்சிக் கூடம் எதற்கு?” என்று கேட்கிறார் முதலாளி.

“கூலியே கட்டவில்லை, பாதிப் பேர் ஒப்பந்தக் கூலிகள், இந்த இலட்சணத்திலே பயிற்சிக் கூடம் ஒன்றுதான் குறைச்சலோ?” என்று கேட்கிறார் தொழிலாளத் தோழர்.

எதிரெதிர்த் திசையிலே நிற்கும் இருவரும் இந்த ஒன்றிலே மட்டும் ஒரே குரலிலே பேசுகின்றனர்! முன்னவர் கேள்வி ஆதாயக் கணக்கிலே பிறந்தது. பின்னவர் கேள்வி ஆற்றாமையிலே பிறந்தது. ஆயினும் இரண்டுக்கும் மறுமொழி கூறியாக வேண்டும். பணியிடத்திலே உடற்பயிற்சிக்கு வகை செய்வது, பெருநகரத்துக் கணிப்பொறி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகளுக்கு மட்டுமே உரிய ஆடம்பரம் என்ற எண்ணம் நாட்டிலே பரவிவிட்டது. மேசை முன் அமர்ந்து பணி புரிவோருக்கு ஓடுபொறியும் பளுக்கருவியும். இயந்திரத்தின் முன் நின்று பணி புரிவோருக்கு வலி மாத்திரையும் தைலமும்! இந்தப் பாகுபாட்டை நாம் ஏற்கத்தான் வேண்டுமா?

நெல்லைச் சீமையையே எடுத்துக்கொள்வோம். பொதிகையிலே பிறந்து புன்னைக்காயலிலே கடலோடு கலக்கும் தாமிரபரணியின் இருகரையிலும் எத்தனை வகை உழைப்பு! அம்பாசமுத்திரத்து வயல்களிலே குனிந்து நாற்று நடுகிறாள் ஒருத்தி. நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறாள். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடித் தட்டை மடியிலே வைத்துக் கழுத்தைக் கவிழ்த்தவள், பொழுது சாயும் வரை தலை தூக்குவதில்லை. பத்தமடையிலே தரையோடு தரையாகக் குந்தியிருந்து கோரையைப் பாயாக்குகிறவளுக்கு முழங்கால் மடிந்தது மடிந்தபடியே கிடக்கிறது. நெல்லை நகரத்துத் துணிக்கடைகளிலே சேலையை விரித்தும் மடித்தும் நிற்கும் இளம்பெண்களின் கால்கள் மாலையிலே வீங்குகின்றன. நூற்பாலையிலே அறுந்த இழையை முடிய, இயந்திர வரிசைகளுக்கு இடையே ஒரு தொழிலாளி நடந்துகொண்டே இருக்கிறான். பேருந்து ஓட்டுநரோ எஞ்சின் சூட்டிலே இருக்கையோடு ஒட்டிக் கிடக்கிறார்.

இவர்களெல்லாரும் உழைக்கின்றனர். உழைப்பே உடற்பயிற்சியாயின், இவர்கள் அனைவரும் அறுபதிலும் வைரம் பாய்ந்த உடலோடு நடமாட வேண்டுமே! நாற்பதிலேயே தோள் தூக்க முடியாதவரையும் படி ஏற முடியாதவரையும் ஊருக்கு ஊர் காண்கிறோமே, அது எதனால்?

வேலை, உடலின் ஓர் உறுப்பை மட்டும் பிடித்துக்கொள்கிறது. ஒரே தசை, ஒரே மூட்டு, ஒரே அசைவு. ஓய்வு எப்போது என்பதை உடல் முடிவு செய்வதில்லை, இயந்திரமும் மேற்பார்வையாளரும் முடிவு செய்கின்றனர். பயிற்சியோ உடல் முழுவதையும் அழைக்கிறது. மூச்சு வாங்கினால் நிற்கலாம், வலித்தால் மாற்றலாம், தேறினால் கூட்டலாம். முன்னது உடலைச் செலவழிக்கிறது; பின்னது சேமிக்கிறது.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. ஒட்டப்பிடாரத்திலே பிறந்த வ.உ.சிதம்பரனார், இளமையிலே சிலம்பமும் மற்போரும் நீச்சலும் பழகியவர். அதே வ.உ.சி.யைக் கோவைச் சிறையிலே காளையின் இடத்திலே நிறுத்திச் செக்கிழுக்க வைத்தது வெள்ளையர் ஆட்சி. சிலம்பம் சுழற்றியபோதும் அசைந்தது அதே தோள்தான். செக்கிழுத்தபோதும் அசைந்தது அதே தோள்தான். செக்கிழுத்ததை உடற்பயிற்சி என்று சொல்லத் துணிவார் யார்? முன்னது தன் விருப்பிலே பிறந்த அசைவு. பின்னது பிறர் கட்டளையிலே பிறந்த அசைவு. அந்தச் செக்கு இன்று சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்திலே இருக்கிறது. “உழைப்பே பயிற்சி” என்போர் ஒருமுறை அதன் முன் போய் நின்றுவிட்டு வரட்டும்.

உணர்ச்சியிலே பேசுவதாக எவரும் எண்ண வேண்டா. விஞ்ஞானமும் இதையே சொல்கிறது. டென்மார்க் நாட்டுத் தலைநகர் கோபன்ஹேகனிலே ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட முடிவு இது: ஓய்வு நேரத்திலே உடலை இயக்கியவர்க்கு இதய நோயும் இறப்பும் குறைந்தன; வேலையிலே கடுமையாக உடல் வருந்தியவர்க்கு அவை கூடின. அதற்கும் முன்பே, 1953-இல், ஜெர்ரி மாரிஸ் என்ற ஆங்கில மருத்துவர் இலண்டன் மாநகரத்து இரண்டடுக்குப் பேருந்துகளை ஆராய்ந்தார். ஒரே வண்டி, ஒரே சாலை, ஒரே புகை. ஆனால் நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநரைவிட, மாடிப்படி ஏறி இறங்கிக் கொண்டிருந்த நடத்துநருக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ஆக, அசைவின்றி அமர்ந்திருப்பதும் கேடு. ஓய்வின்றி ஒரே அசைவிலே வருந்துவதும் கேடு. இரண்டுக்கும் இடையிலே, தன் விருப்பிலே உடலை இயக்கும் சிறு பொழுது ஒன்று மனிதனுக்கு வேண்டும். அந்தப் பொழுதை உழைப்பாளி எங்கே தேடுவான்?

“வீட்டிலே செய்துகொள்ளட்டுமே!” என்பர். எந்த நேரத்திலே? முறை வேலை முடிந்து, பேருந்துக்குக் காத்திருந்து, வீடு சேர்ந்தபின் அடுப்பும் குழந்தையும் காத்திருக்கும் பெண்ணுக்கு எந்த நேரத்திலே? ஒரு காலத்திலே ஆறே நமக்குப் பயிற்சிக் கூடமாக இருந்தது. மாலையிலே மணற்பரப்பிலே சடுகுடு. மூழ்கி எழுந்து அக்கரைக்கு நீச்சல். கோயில் கொடைக்குச் சிலம்பம். இன்று மணல் அள்ளப்பட்டுவிட்டது. நகரத்துச் சாக்கடை நீரிலே கலக்கிறது. மாலைப் பொழுதை முறை வேலை விழுங்குகிறது. ஊர் இழந்ததை ஊரிலே உள்ள ஆலை ஓரளவேனும் ஈடு செய்ய வேண்டாமா?

இனி, நம் தோழரின் கேள்விக்கு வருவோம். கூலிக்கே போராட வேண்டிய நிலையிலே இதைக் கேட்பதா?

தாமிரபரணிப் பள்ளத்தாக்கிலே ஆலைத் தொழிலுக்கு வித்திட்டது ஹார்வி நிறுவனம். 1885-இல் பாபநாசத்து நீர்வீழ்ச்சியின் விசையைக் கொண்டு நூற்பாலை எழுந்தது. 1888-இல் தூத்துக்குடியிலே கோரல் ஆலை எழுந்தது. அந்தக் கோரல் ஆலைத் தொழிலாளர் 1908 பிப்ரவரி 27-ஆம் நாள் வேலை நிறுத்தத்திலே இறங்கினர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றனர். அவர்கள் கேட்டவை யாவை? கூலி உயர்வு கேட்டனர். அதோடு நில்லாமல் வார விடுமுறையும் பிற விடுமுறைகளும் கேட்டனர். அரைவயிற்றுக் கஞ்சியோடு நின்ற அந்த மக்கள், “முதலிலே கூலி வரட்டும், ஓய்வைப் பிறகு பார்ப்போம்” என்று சொல்லவில்லை. கூலி வயிற்றுக்கு, ஓய்வு உடலுக்கு, இரண்டும் ஒரே உரிமையின் இரு பக்கம் என்று அறிந்திருந்தனர். மார்ச் முதற் கிழமையிலே நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. மார்ச் 12-இல் தலைவர்கள் கைது செய்யப்பட்டதும், மறுநாள் நெல்லை நகரம் கொதித்தெழுந்ததும், துப்பாக்கிக் குண்டுக்கு நால்வர் இரையானதும் வரலாறு.

ஆகவே, உடலைப் பேணுவதற்கான நேரம் என்பது புதிய மோகமன்று. இந்த மண்ணிலே தொழிலாளர் இயக்கத்தின் முதற் கோரிக்கைகளிலேயே கலந்திருந்தது. அன்று ஞாயிறு கேட்டோம். இன்று அன்றாடத்திலே அரைமணி கேட்கிறோம். அவ்வளவே வேறுபாடு.

சட்டம் என்ன சொல்கிறது? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் கைகால் கழுவ நீர், உடை மாற்ற இடம், அமர்வதற்கு வசதி, முதலுதவிப் பெட்டி, 250 பேருக்கு மேல் இருந்தால் உணவுக் கூடம், 150 பேருக்கு மேல் இருந்தால் ஓய்வறை, பெண்கள் பணிபுரிந்தால் குழந்தைக் காப்பகம் என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னது. அந்நாளிலே அது பெரும் முன்னேற்றம். அதன் இடத்திலே இப்போது வந்திருப்பது, 2020-இல் நாடாளுமன்றம் இயற்றி 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த பணிப் பாதுகாப்பு, உடல்நலத் தொகுப்புச் சட்டம். அதிலே உணவுக் கூடத்துக்கான எண்ணிக்கை நூறாகக் குறைந்துள்ளது. உண்ண இடம் உண்டு. ஒதுங்க இடம் உண்டு. அடிபட்டால் கட்டுப் போட இடம் உண்டு. அடிபடாமல், ஒடிந்துபோகாமல் உடலை வளர்த்துக்கொள்ள ஓரிடம் உண்டா? தொழிற்சாலையைப் பொறுத்தவரை சட்டம் அதை வலியுறுத்தவில்லை. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலாவது ‘பொழுதுபோக்கு வசதி’ என்று இரண்டு சொற்கள் இடம்பெற்றன. ஆனால் சட்டத்திலே சொல் இருந்துவிட்டால் போதுமா? அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளருக்காகக் கூலி கேட்டு 1999 ஜூலை 23-இல் நெல்லை ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தவர்களிலே 17 பேர், தடியடிக்கு அஞ்சி இறங்கிய தாமிரபரணியிலே பிணமாயினர். சொல்லைச் செயலாக்கும் வலிமை தொழிலாளர் ஒற்றுமையிலேதான் இருக்கிறது.

அமர்வதற்கான உரிமையைப் பாருங்கள். ஆலைத் தொழிலாளிக்கு அதை 1948-லேயே சட்டம் தந்தது. கடையிலே நிற்கும் பெண்ணுக்கோ 2021-இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் கிடைத்தது. ஒரு நாற்காலி வாயிலைத் தாண்டிக் கடைக்குள் வர 73 ஆண்டு! பயிற்சிக்கும் அத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டுமா?

முதலாளிமாருக்கும் ஒரு சொல். நூற்பாலையிலே இழை அறாமல் இருக்க ஈரக் காற்றை ஊட்டுகிறீர்கள். பஞ்சுக்கு ஏற்ற தட்பவெப்பத்தை அளந்து அளந்து வைக்கிறீர்கள். இயந்திரத்தை நிறுத்தித் துடைக்கிறீர்கள், எண்ணெய் இடுகிறீர்கள், அந்த நேரத்தை நட்டம் என்று எழுதுவதில்லை. ஆயிரம் முறை ஒரே பக்கம் திரும்பும் மனிதத் தோளுக்கு எண்ணெய் இடும் நேரம் மட்டும் நட்டமா? பத்தாண்டு பழகிய கை ஒன்று வலியால் வீட்டோடு முடங்கினால், அதன் பழக்கத்தை எந்தக் கடையிலே விலைக்கு வாங்குவீர்கள்? இங்கிலாந்திலே கேட்பரி நிறுவனத்தார் 1879-இல் போர்ன்வில்லுக்குத் தொழிற்சாலையை மாற்றி, நாளடைவிலே விளையாட்டுத் திடலும் நீச்சல் குளமும் அமைத்தனர். அதனால் அவர்கள் வாணிபம் நொடித்துவிடவில்லை. ஜப்பானிலே 1928 முதல் வானொலி இசைக்கு ஏற்ப உடற்பயிற்சி செய்யும் வழக்கம் பரவி, தொழிற்சாலைகளிலும் வேரூன்றியது. அதற்குக் கருவியும் வேண்டியதில்லை, கட்டடமும் வேண்டியதில்லை.

ஆயினும், கூடம் கட்டிய மறு ஆண்டே மருத்துவச் செலவு பாதியாகிவிடும், விடுப்பு எடுப்போர் இல்லாமற் போவர் என்று ஆசை காட்ட நாம் முன்வரவில்லை. அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்திலே ஏறத்தாழ ஐயாயிரம் ஊழியரைக் குலுக்கல் முறையிலே இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் உடல்நலத் திட்டத்தை அளித்துப் பார்த்தனர். 2019-இல் வெளியான முடிவு என்ன? மருத்துவச் செலவிலும் விடுப்பிலும் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. திட்டத்திலே விரும்பிச் சேர்ந்தோர் பெரும்பாலும் முன்பே நலமாக இருந்தவர்கள்!

“பார்த்தீரா, பயனில்லை!” என்று துள்ள வேண்டா. அந்த முடிவு நமக்கு உணர்த்துவது வேறு. வேலையை இருந்தபடியே விட்டுவிட்டு, நேரத்தை இருந்தபடியே விட்டுவிட்டு, மூலையிலே ஒரு திட்டத்தை வைத்தால், வசதியுள்ளவன் வருவான், வாடியவன் வரமாட்டான். மேலாளர் மாலையிலே வந்து ஓடுபொறியிலே ஓடுவார். இரவு முறைக்காரர் அதன் கதவைக்கூடத் திறந்து பாரார். எனவே, கூடத்துக்கு முன்னால் நேரம் வேண்டும். இதுவே இக்கட்டுரையின் சாரம்.

எவ்வளவு நேரம்? உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த அளவு, வளர்ந்தோர்க்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி. ஆறு நாள் வேலை வாரத்திலே நாளுக்கு 25 நிமிடம். 48 மணி நேரத்திலே ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு! மணிமுத்தாற்றிலே சிறப்புக் காவல் படையின் முகாம் இருக்கிறது. அங்குள்ள காவலர்க்கு அணிவகுப்பும் பயிற்சியும் கடமையின் ஒரு பகுதி. அந்த நேரத்துக்கு ஊதியம் உண்டு. ஆயுதம் ஏந்தும் உடலுக்கு உரியது, ஆக்கம் செய்யும் உடலுக்கு ஆகாதா?

“நாங்கள் விளையாட்டை வளர்க்கவில்லையா? அணி வைத்திருக்கிறோமே!” என்று சில நிறுவனங்கள் சொல்லக்கூடும். உண்மைதான். ஆலைகளும் வாரியங்களும் இரயில்வேயும் அணிகள் வைத்து ஏழை வீட்டு வீரர்க்கு வேலை தந்தன, வாழ்த்துகிறோம். திருவைகுண்டம் பக்கத்து மணத்தியிலே பிறந்து, 1994 இரோசிமா ஆசிய விளையாட்டிலே தங்கம் வென்ற கபடி அணியிலே ஆடி, 1995-இல் அருச்சுனா விருது பெற்ற கணேசனைப் பெற்ற பள்ளத்தாக்கு இது. தாழையூத்துச் சங்கர் நகரிலே சிமெண்ட் ஆலையின் திடல், 2016 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் நடக்கும் அளவுக்கு வளர்ந்தது. ஆலை மனம் வைத்தால் திடல் உண்டாகும் என்பதற்கு அது கண்கூடான சான்று. ஆனால் அணி என்பது பதினொருவருக்கு. நாம் கேட்பது ஆயிரவருக்கு. கைதட்டும் தொழிலாளியும் களத்திலே இறங்க வேண்டும் என்பதே நம் வேட்கை.

அப்படியானால் தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டியவை யாவை?

முதலாவது, பயிற்சி நேரம் வேலை நேரத்திலே அடங்க வேண்டும். அதற்காக ஒரு நிமிடக் கூலியும் குறையக் கூடாது. இரண்டாவது, ஒப்பந்தத் தொழிலாளரும் பயிற்சித் தொழிலாளரும் நிரந்தரத் தொழிலாளரோடு ஒரே வாயிலிலே நுழைய வேண்டும். மூன்றாவது, கூடத்தை நடத்துவது தொழிலாளர் தேர்ந்தெடுத்த குழுவாக இருக்க வேண்டும். பெண்கள் பணிபுரியும் இடத்திலே குழுவிலே பெண்களும், அவர்களுக்கு வசதியான நேரமும் வேண்டும். நான்காவது, அங்கே அளக்கப்படும் எடையும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் நிர்வாகத்தின் கோப்புக்குப் போகக் கூடாது. உடலைத் தேற்ற வந்தவனின் நோயைக் குறித்து வைத்து, நாளை ஆட்குறைப்புப் பட்டியலிலே முதற்பெயராக எழுதுவது நலத்திட்டமாகாது, வேவுத் திட்டமாகும். ஐந்தாவது, பயிற்சியைக் காட்டி இருக்கையையும் காற்றோட்டத்தையும் பாதுகாப்பையும் மறுக்கக் கூடாது. முதுகை ஒடிக்கும் மேசையை மாற்றாமல் முதுகுக்குப் பயிற்சி சொல்வது, கூரை ஒழுகும் வீட்டிலே தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பதற்கு ஒப்பாகும்.

இவற்றுக்குக் கோடிகள் தேவையில்லை. நிழல் தரும் ஒரு திடல், குளிக்க நீர், விரிக்கப் பத்தமடைப் பாய், தசையும் மூட்டும் அறிந்த ஒரு பயிற்றுநர் போதும். பளபளக்கும் கருவிகள் பிறகு வரட்டும்.

வாயிலே இல்லாத பணியிடங்களுக்கு என்ன வழி என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. பேட்டைத் தொழிற்பேட்டையிலே பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை தனியே கூடம் கட்ட முடியாது. பல பட்டறைகள் சேர்ந்து ஒன்று அமைக்கலாம். பீடி சுற்றும் பெண்ணுக்கோ வீட்டுத் திண்ணையே ஆலை. இலையும் தூளும் கொடுத்துச் சுற்றிய பீடியை வாங்கிச் செல்லும் முதலாளிக்கு அவள் கழுத்து வலி கணக்கிலே வராது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழிலாளி, முதலாளி, அரசு ஆகிய மூவரின் பங்கும் சேரும் தொழிலாளர் நல நிதி தமிழ்நாட்டிலே இருக்கிறது. பீடித் தொழிலாளருக்கென அரசின் நலத்திட்டங்களும் மருத்துவமனைகளும் இருக்கின்றன. அவை நோய் வந்தபின் மருந்து தருவதோடு நில்லாமல், முக்கூடலிலும் வீரவநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் தெருவுக்கு அருகே ஒரு கூடத்தைத் திறந்து, அந்தப் பெண்கள் எழுந்து நின்று கையை வீசவும் கழுத்தை நிமிர்த்தவும் ஒரு பொழுதை உண்டாக்கலாம். தட்டை இறக்கி வைக்கும் அந்த நேரத்துக்குரிய கூலியைச் சுற்றுக் கூலியிலே சேர்த்துக் கேட்பது சங்கங்களின் கடமை.

உழைப்பாளிக்கு நிலமில்லை, ஆலையில்லை, வங்கியிலே வைப்பில்லை. அவனுக்கும் அவளுக்கும் உள்ள ஒரே முதல் உடல். மற்ற முதலுக்கெல்லாம் தேய்மானம் கணக்கிட்டு வரிச் சலுகை தருகிற நாட்டிலே, இந்த முதலின் தேய்மானத்தை மட்டும் அதன் சொந்தக்காரன் தலையிலேயே கட்டுவது என்ன நீதி? எனவே அடுத்த ஊதியப் பேச்சு வார்த்தைக்கு அமரும்போது, பஞ்சப்படி, போனஸ், மிகைநேரக் கூலி என்று எழுதும் தாளிலே, இன்னும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள், தோழர்களே: “நாள்தோறும் 25 நிமிடம், கூலியோடு, எங்கள் உடலுக்கு.”

1908-இல் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு வாங்கிய பள்ளத்தாக்கு இது. இதையும் கேட்டு வாங்கும்.